மற்ற ஆடுகளைப் பூட்டிவிட்டா போனார்?

மகளே,

உன் கடிதம் போன வாரம் கையில் கிடைத்தது. துபாய் சத்வாவில் தையற்கடைக்கு மேலே இருக்கும் உங்கள் வீட்டு முன்னறையில் வெள்ளிக்கிழமைதோறும் தமிழ்ப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பாடம் சொல்ல முடியுமா என்று போதகர் கேட்டதையும், நீ உடனே சரி என்றதையும், மாப்பிள்ளை அன்று மாலையே இரண்டு கோரைப்பாய்களைத் தோளில் சுமந்துகொண்டு வந்து நின்றதையும் படித்தபோது சிரிப்பு வந்தது. அவர் உன்னைவிட அவசரக்காரர். எந்தப் பாடத்தில் ஆரம்பிக்கலாம் அம்மா, ஃபிளானல் பலகையில் ஒட்டுகிற படங்களைக் கொடுத்தனுப்ப முடியுமா என்று கேட்டிருக்கிறாய். படங்களைத் தூசி தட்டிப் பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்துவிட்டேன். துபாய்க்கு யாராவது புறப்பட்டால் வந்து சேரும். பாடம் எது என்ற கேள்விக்குத்தான் பதில் எழுத முடியாமல் இத்தனை நாள் உட்கார்ந்திருந்தேன். போன வருஷம் கேட்டிருந்தால் ஒரே வரியில் எழுதியிருப்பேன். இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது. பிள்ளைகள் முன்னால் போய் நிற்கவே பயமாக இருக்கிறது என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். ஏன் என்று முழுவதும் எழுதுகிறேன். படித்துவிட்டு நீயே பாடத்தைத் தேர்ந்துகொள்.

இங்கே வகுப்பு நடப்பது நீ பார்த்த அதே அறையில்தான். ஆலயத்தின் பின்பக்கம், மடக்கு நாற்காலிகள் அடுக்கியிருக்கும் அறை. நாம் முடிக்குமுன்பே, அந்த அறையை அடுத்த முறைக்கு எடுத்திருக்கும் வேறு மொழிச் சபைக்காரர்கள் வாசலில் வந்து நின்று கடிகாரத்தைப் பார்ப்பார்கள். "வெள்ளிக்கிழமை நடக்கிற சண்டே ஸ்கூல் உலகத்துலயே உங்களதுதான்" என்று உன் அப்பா இன்னமும் கேலி செய்கிறார். நான் கல்லூரியில் படித்த காலத்தில் பாளையங்கோட்டையில் சின்ன வகுப்பு எடுத்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகளில் எவன் அப்பா குடிப்பார், எவள் காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறாள் என்பதெல்லாம் அவர்கள் வாய் திறக்குமுன்பே எனக்குத் தெரியும். எல்லோரும் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள். தெரியாமல் இருக்க வழியில்லை. இங்கே பிள்ளைகள் காரிலோ கம்பெனி வண்டியிலோ வந்து இறங்குகிறார்கள். ஷூ பளபளக்கிறது, பவுடர் மணக்கிறது. பாட்டுப் பாடி, வசனம் ஒப்பித்து, அதே வண்டியில் ஏறிப் போய்விடுகிறார்கள். எந்தக் கட்டடத்தில், யாரோடு, எப்படி இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரியவில்லையே என்றுகூட இத்தனை வருஷமாக எனக்குத் தோன்றவில்லை. சுத்தமாக வருகிற பிள்ளை சுகமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கோடை தொடங்கிய சமயத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, காணாமல் போன ஆட்டின் கதையைச் சொன்னேன். மேய்ப்பன் மற்ற ஆடுகளையெல்லாம் விட்டுவிட்டு அந்த ஒன்றைத் தேடிப் போனான் என்று பலகையில் படத்தை ஒட்டிக்கொண்டிருந்தபோது, ரெஜி என்ற வாயாடி கையைத் தூக்கினான்.

"ஆன்ட்டி, ஆடெல்லாம் மேய்ப்பரோடதா, கஃபீலோடதா?"

"மேய்ப்பரோடதுதாம்ப்பா."

"விசா குடுக்குற முதலாளி, கஃபீல் இல்லாம எப்படி ஆன்ட்டி? டூட்டியை விட்டுட்டுப் போனா கஃபீல் விசாவை கேன்சல் பண்ணிடுவாரே!"

"கலாஸ்! முடிஞ்சது! எக்ஸிட்!" என்று பக்கத்திலிருந்தவன் அவன் முதுகில் முத்திரை குத்தினான். அறையே சிரித்தது. நானும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன். அந்தச் சிரிப்பு அடங்கும்போதுதான் ஷீபா கேட்டாள். ஷீபாவை உனக்குத் தெரியாது, நீ போன பிறகு வந்தவள். ஏழு வயது. அவள் பாவாடையைப் பிடித்தபடியே இருக்கும் தங்கை மினிக்கு நாலு. அம்மா கிரேஸ் அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸ், திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை.

"ஆன்ட்டி, மத்த ஆடெல்லாம் பூட்டிட்டா போனாரு?"

"இல்லம்மா, அங்கேயே மேய விட்டுட்டுப் போனார்."

"அப்ப ஓநாய் வந்தா?"

"பூட்டியிருந்தாருன்னே வச்சுக்கோயேன். பூட்டியிருந்தா பயமே இல்லல்ல?" என்றேன். எனக்கு நேரமாகிவிட்டிருந்தது, அடுத்த முறைக்காரர்கள் கதவருகே வந்துவிட்டார்கள். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். பூட்டியிருந்தால் பயமில்லை என்று ஆன்ட்டியும் சொல்லிவிட்டாளே என்று அந்தப் பிள்ளை நினைத்திருப்பாள்.

வகுப்பு முடியும்போது ஆளுக்கு ஒரு வரி ஜெபம் சொல்வது நம் வழக்கம் அல்லவா? இப்போதுள்ள பிள்ளைகள் ஆங்கிலத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். இவர்கள் வாயில் தமிழ் செத்துப்போய்விடக் கூடாது என்று, தமிழில் ஜெபிக்கிற பிள்ளைக்கு ஒரு நட்சத்திரம் ஒட்டுவதாக நான் ஏற்பாடு செய்திருந்தேன். ஷீபா எழுந்து கண்ணை இறுக மூடிக்கொண்டு, "ஜீசஸ், டோர் சீக்கிரம் ஓப்பன் ஆகணும்" என்றாள். "கதவு சீக்கிரம் திறக்கணும்னு சொல்லு கண்ணு" என்று நான் திருத்தினேன். அவள் அப்படியே திருப்பிச் சொன்னாள். எல்லோரையும் கைதட்டச் சொல்லி, நட்சத்திரத்தை ஒட்டினேன். அடுத்த வாரமும் அதே ஜெபம், அதற்கடுத்த வாரமும் அதே ஜெபம், இப்போது நல்ல தமிழில். ஒவ்வொரு முறையும் நட்சத்திரம் ஒட்டினேன். மகளே, நான் அவள் தமிழைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவளைக் கேட்கவில்லை.

பிறகு ஒரு நாள் போதகர் வர நேரமாயிற்று. பிள்ளைகளை விளையாட விட்டு, நான் படங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர்கள் வீடு வைத்து விளையாடினார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளின் வீட்டு விளையாட்டில் சோறு பொங்குவது கிடையாது. டூட்டிக்குப் போவதுதான் விளையாட்டு. ஷீபா அம்மா. மினியையும் இன்னும் இரண்டு பேரையும் நாற்காலி அடுக்குக்குப் பின்னால் உட்கார வைத்தாள். குனிந்து ஒவ்வொருவர் முகத்துக்கும் நேரே விரலை ஆட்டினாள்.

"சத்தம் போடக் கூடாது. யார் தட்டினாலும் பேசக் கூடாது. அடுப்புகிட்ட போகக் கூடாது. மினி அழுதா பிஸ்கட் குடு. அம்மா டூட்டிக்குப் போயிட்டு வாரேன்."

பிறகு காற்றில் ஒரு பூட்டைப் போட்டு, இழுத்துப் பார்த்தாள். இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள். சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். நான் எதிர்பார்த்ததைவிட வெகுநேரம் நின்றாள். நாற்காலிகளுக்குப் பின்னாலிருந்த மூன்று பேரும் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருத்திகூட இது என்ன விளையாட்டு என்று கேட்கவில்லை. எல்லோருக்கும் இந்த விளையாட்டு தெரிந்திருக்கிறது என்று நினைத்தபோதுதான் என் கையிலிருந்த படம் நழுவியது.

ஷீபாவை மடியில் இழுத்து உட்கார வைத்து, "நிஜமாவே அம்மா பூட்டிட்டுப் போவாங்களா?" என்று கேட்டேன். அவள் கதவைப் பார்த்தாள்.

"சொல்லக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க."

"யார்கிட்டயும்?"

"யார்கிட்டயும். பயமா இருந்தா சாமிகிட்ட மட்டும் சொல்லுன்னாங்க."

அம்மா சொன்னதை அவள் ஒரு எழுத்துக்கூட மீறவில்லை. சாமியிடம் மட்டும்தான் சொன்னாள், வாரா வாரம், நாங்கள் எல்லோரும் கேட்கும்படி.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னேன். செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார். "நீ போய்க் கேட்டேன்னு வையி, அடுத்த வெள்ளிக்கிழமை அந்தப் பிள்ளைக வராது. அவ்வளவுதான் நடக்கும்" என்றார்.

"அப்ப கேக்காம இருக்கவா?"

"நான் அப்படிச் சொல்லலியே."

"கமிட்டியில சொல்லட்டா?"

"அவங்க என்ன சொல்வாங்கன்னு உனக்குத் தெரியாதா? பிள்ளைகளை ஊருக்கு அனுப்பு, ஹாஸ்டல்ல போடுன்னு ஒரு தீர்மானம் போட்டுட்டு டீ குடிப்பாங்க."

ஹாஸ்டல் என்ற சொல் வந்ததும் அவர் செய்தித்தாளை மறுபடி விரித்துக்கொண்டார். நீ ஹாஸ்டலில் இருந்த வருஷங்களைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளாமல் இருப்பது எங்களுக்குள் ஒரு பழக்கம், உனக்கே தெரியும். விடுமுறைக்கு வந்து இறங்கும்போதெல்லாம் என்ன கேட்டாலும் "நல்லாருக்கேன்" என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்வாயே, அந்த வார்த்தை அன்று எங்கள் இருவர் நடுவிலும் உட்கார்ந்திருந்தது.

இதே ஊரில் குதைபியாப் பகுதியில் அவர்கள் வீட்டைக் கண்டுபிடித்துப் போனேன். நம் பழைய வீட்டுக்கு மூன்று தெரு தள்ளித்தான். கீழே துணிக்கடை, மேலே இரண்டு மாடி, ஒரே ஒரு குறுகிய படிக்கட்டு. படிக்கட்டின் கீழே பாதி வழியை அடைத்துத் துணி மூட்டைகள். ஒரு பீடித் துண்டு போதும் என்று நினைத்துக்கொண்டே ஏறினேன். அதற்குப் பிறகு இன்றுவரை எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் முதலில் எத்தனை படிக்கட்டு என்று பார்க்கிறேன். மத்தியான டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள் கிரேஸ். வெள்ளை யூனிபாரம், தொப்பியைப் பல்லில் கடித்தபடி கொண்டையில் ஊசி குத்திக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. நான் வந்த காரியத்தைச் சொல்லத் தொடங்கியதும் சுருங்கியது.

"இவ சொன்னாளா?"

"அவ சொல்லல கிரேஸ். ஜெபம் பண்ணினா."

அவளுக்குப் புரிந்துவிட்டது. தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். "ஊருக்கு அனுப்பிருன்னு சொல்ல வந்தியளாக்கா? சொல்லுங்க. எல்லாரும் அதத்தான் சொல்லுவாங்க. எங்கம்மா செத்துப்போச்சு. அங்க யாருகிட்ட அனுப்ப? நான் டூட்டிக்குப் போற நேரத்துக்கும் இவங்கப்பா வாற நேரத்துக்கும் நடுவுல அஞ்சாறு மணி நேரம். ஓவர்டைம் வந்தா இன்னும் கூட. நீங்க வேலைக்குப் போகல, உங்களுக்குத் தெரியாது."

"நம்ம ஆளுக யார் வீட்டுலயாவது விட்டா என்ன?"

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுத முடியாது. பிள்ளைகள் இருக்கிற அறையின் கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "விட்டேன். ஒரு மாசம். நம்ம ஆளுக வீட்டுலதான். அதுக்குப் பொறவு பெரியவ அந்தத் தெருப்பக்கம் போனாலே என் கைய இறுக்கிப் பிடிப்பா. ராத்திரி எந்திரிச்சு உக்காந்திருப்பா. என்னட்டின்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கா. நான் மறுநாளே போயி பூட்டு வாங்கிட்டு வந்தேன். பூட்டுக்குக் கை கிடையாதுல்லாக்கா?"

அந்த வீடு எது என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. சண்டை போட வந்தவள்போல் வந்த நான் அவள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பூட்டைக் கொடுமை என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். அவளுக்கு அது காவல். கடைசியில், "சாவி ரெண்டு இருக்கா?" என்று கேட்டேன்.

"எதுக்கு?"

"ஒண்ணு எங்கிட்ட இருக்கட்டும். நான் வந்து இவங்களோட உக்காந்திருக்கேன்."

அவள் தொப்பியைத் தலையில் வைத்து ஊசி குத்தினாள். கீழே ஆஸ்பத்திரி வண்டி ஹாரன் அடித்தது. பிள்ளைகளுக்கு முத்தம் கொடுத்து, ஷீபா விளையாட்டில் சொன்ன அதே வார்த்தைகளை அதே வரிசையில் சொல்லி, என்னை வெளியே விட்டு, பூட்டினாள். இழுத்துப் பார்த்தாள். இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள். "கோவிச்சுக்கிடாதீங்கக்கா. யாரையும் நம்ப முடியல" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

நானும் இறங்கியிருக்க வேண்டும். இரண்டு படி இறங்கினேன். உள்ளேயிருந்து, "ஆன்ட்டி, நீங்களும் போயிட்டீங்களா?" என்று ஷீபாவின் குரல் வந்தது. யார் தட்டினாலும் பேசக் கூடாது என்றுதானே சொல்லியிருந்தார்கள், நான் தட்டவில்லை. அதனால் அவள் பேசினாள். நான் திரும்பி ஏறி, கதவை ஒட்டிய படியில் உட்கார்ந்துகொண்டேன். கதவு வழியாகக் கதை சொன்னேன், அவர்கள் வேறு கதை கேட்டார்கள், விடுகதை போட்டேன். மினி கதவின் அடி இடுக்கு வழியாக விரலை நீட்டினாள். நான் தொட்டேன். அவளுக்குச் சிரிப்பு. இப்படியே கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு கரண்டு போனது.

இங்கே கோடையில் கரண்டு போனால் என்ன என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வீட்டில் ஒரு ஜன்னலை ஏசி அடைத்திருந்தது, மற்றொன்று ஆணியடித்து மூடியிருந்தது. படிக்கட்டிலேயே எனக்கு மூச்சு முட்டியது. கொஞ்சத்தில் வந்துவிடும் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். வரவில்லை. மினி முதலில் சிணுங்கினாள், பிறகு அழுதாள், பிறகு வாந்தி எடுத்துவிட்டாள் என்று ஷீபா சொன்னாள். துண்டை நனைத்து அவள் தலையில் போடு, தரையில் படுக்கவை, தண்ணீர் கொடு என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஷீபா செய்தாள். குழாயில் வரும் தண்ணீரும் கொதிக்கிறது என்றாள். அப்புறம் மினியின் அழுகை நின்றது. மகளே, ஒரு பிள்ளையின் அழுகை நின்றதற்காக நான் அப்படிப் பயந்ததில்லை.

நான் கூப்பிட்ட சத்தத்துக்குக் கீழ்க்கடை மீரான் பாய் ஓடி வந்தார். காயல்பட்டினத்துக்காரர். "யாரும்மா நீங்க? இது நர்ஸம்மா வீடாச்சே" என்றார். சொன்னேன். "உள்ளேயா? ரெண்டும் உள்ளேயா? நான் கீழேதானம்மா உக்காந்திருக்கேன், எனக்கே தெரியாதே" என்று தலையில் கை வைத்தார். தெரியாதபடிதான் பிள்ளைகள் வளர்க்கப்பட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யலாம் என்றால் பக்கத்தில் போன் இருக்கிற இடம் இரண்டு தெரு தள்ளி. வார்டில் இருக்கிறவளைக் கூப்பிட்டு, அவள் வந்து சேர எவ்வளவு நேரம் ஆகுமோ?

"ஒடச்சிரவாம்மா?" என்று கேட்டார்.

உடைத்தால் கட்டடம் முழுக்கத் தெரியும். வீட்டுக்காரருக்குத் தெரியும். போலீஸ் வரலாம். பிள்ளைகளைப் பூட்டி வைத்ததை யாராவது ஆஸ்பத்திரியில் போய்ச் சொல்லலாம். வேலையும் விசாவும் போய் அந்தக் குடும்பம் விமானம் ஏறுவது என் ஒரு வார்த்தையில் இருந்தது. உள்ளேயிருந்து ஷீபா, "ஒடைக்காதீங்க ஆன்ட்டி, அம்மா திட்டுவாங்க. மினி தூங்குறா" என்றாள். மினி தூங்குகிறாளா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

"ஒடைங்க பாய்" என்றேன்.

அவர் மரப்பெட்டி திறக்கும் இரும்புக் கம்பியைக் கொண்டுவந்து நெம்பினார். கொண்டி மரத்தோடு பெயர்ந்து வந்தது. மினி உயிரோடுதான் இருந்தாள். முகம் செங்கல் நிறத்தில் இருந்தது, உடம்பு கொதித்தது, கூப்பிட்டதற்குக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து மறுபடி மூடிக்கொண்டாள். தூக்கிக்கொண்டு கீழே ஓடினோம். பாய் கடை வாசலில் துணியை விரித்து, பக்கத்துக் கடையில் ஐஸ் வாங்கி வந்து, நாங்கள் அவள் கை காலைத் துடைத்துத் துடைத்து, கடைசியில் அவள் "பிஸ்கட்" என்று கேட்டபோது அவருக்கு அழுகை வந்துவிட்டது. ஷீபா அழவில்லை. மாடியைப் பார்த்தபடியே நின்றாள். "டோர் திறந்தே கெடக்கு ஆன்ட்டி" என்றாள், யாரோ உள்ளே போய்விடுவார்கள் என்பதுபோல.

பொழுது சாயும்போது அவர்களுடைய அப்பா வந்தார். பிள்ளைகளையும் என்னையும் பாயையும் பார்த்தார். மேலே போய் உடைந்த கொண்டியைப் பார்த்துவிட்டு வந்தார். கத்துவார் என்று நினைத்தேன். இரண்டு பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு மேலே போனார். உள்ளே கதவுக்கு ஏதோ மேஜையை நகர்த்தி வைக்கும் சத்தம் கேட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர்கள் வரவில்லை. உன் அப்பா சொன்னது அப்படியே நடந்தது, ஆனால் "நான் சொன்னேனே" என்று அவர் சொல்லவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை. ஊருக்கு அனுப்பிவிட்டார்களா, வேலை போய்விட்டதா, வேறு கனமான பூட்டாக வாங்கிவிட்டார்களா என்று நான் சமையலறையில் நின்றுகொண்டே பயந்தேன். போய்ப் பார்க்கவும் தைரியமில்லை. ஆலயத்தில் பெரியவர்கள் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கன்னத்தைக் கிள்ளுவார்களே, அந்தக் கைகளை ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தேன். நம் ஆளுக வீடு என்றாளே, அது எந்த வீடு? எனக்குத் தோசை சுட்டுக் கொடுத்த வீடாக இருக்குமா? யார் மீதும் எனக்கு ஆதாரமில்லை, யார் மீதும் நம்பிக்கையும் இல்லை. இதுவரை என் சபையில் நான் இப்படி உட்கார்ந்ததில்லை.

பிறகு ஒரு நாள் மத்தியானம் கிரேஸ் நம் வீட்டுக் கதவைத் தட்டினாள். யூனிபாரத்தில் இருந்தாள், வண்டி கீழே நின்றது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அன்னைக்கு நீங்க ஒடச்சது சரின்னு நான் சொல்ல மாட்டேன். அவங்க இன்னும் உங்க மேல கோவமாத்தான் இருக்காங்க. ஆனா ஒடைக்கிறதுக்கு அன்னைக்கு ஒரு ஆள் இருந்துச்சு. எல்லா நாளும் இருக்குமாக்கா?"

என் உள்ளங்கையில் ஒரு சாவியை வைத்தாள். "புதுப் பூட்டு" என்றாள். "பெரியவதான் உங்ககிட்ட குடுக்கச் சொன்னா."

இப்போது அவள் டூட்டிக்குப் போகிற நாட்களில் நான் போய் உட்கார்ந்துகொள்கிறேன். வீட்டுப்பாடம் எழுத வைக்கிறேன், மினிக்குச் சோறு ஊட்டுகிறேன். அந்த அப்பா வந்ததும் தலையை மட்டும் அசைப்பார், நான் கிளம்பிவிடுவேன். ஷீபா அந்த வேறு வீட்டைப் பற்றி இன்னும் எதுவும் சொல்லவில்லை. நானும் தோண்டவில்லை. சொல்கிற நாளில் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றுதான் இருக்கிறேன். சொன்னால் என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே இன்னும் தெரியாது. ஆனால் அன்று டீ குடிக்கிற கமிட்டிக்காரர்களின் தீர்மானத்துக்கு அதை விட மாட்டேன், மூடி மறைக்கவும் மாட்டேன். அவளிடம் "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் நான் சத்தியம் செய்து கொடுக்கவில்லை. நீயும் எந்தப் பிள்ளையிடமும் அப்படிச் செய்து கொடுக்காதே. காப்பாற்ற முடியாத நாள் வரும்.

சாவி வந்த பிறகு பயம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை, கூடியிருக்கிறது. என் வகுப்பில் இன்னும் எத்தனையோ பிள்ளைகள் இருக்கிறார்கள், அந்த விளையாட்டு தெரிந்தவர்கள். அவர்கள் பூட்டுகளுக்கு என்னிடம் சாவி இல்லை. உன் அப்பாவின் வேலை ஒப்பந்தம் முடிந்து நாங்கள் புறப்பட்டால் இந்தச் சாவியை யாரிடம் கொடுப்பேன்? யோசித்துப் பார்த்தால் ஒரு பெயர்கூட வரவில்லை. மீரான் பாய் பெயர்தான் வருகிறது. கிரேஸ் சம்மதிப்பாளா என்று தெரியவில்லை.

அதனால் பாடத்தை விடு மகளே. கோரைப்பாய் விரிக்குமுன் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் ஒரு தரம் படியேறிப் போய் வா. குற்றம் கண்டுபிடிக்கப் போகாதே. நான் அப்படித்தான் போனேன், அவள் பூட்டிவிட்டுப் போய்விட்டாள். உன் வீட்டு முன்னறைக் கதவை வகுப்பு நடக்கும்போது திறந்தே வை. மாப்பிள்ளையோ வேறு யாரோ, எவ்வளவு நல்லவராக இருந்தாலும், ஒரு பிள்ளையோடு தனியாக ஒரு அறையில் இருக்க வேண்டி வராதபடி பார்த்துக்கொள். நல்லவர்களுக்கும் அதுதான் நல்லது. ஜெபத்தில் ஆங்கிலம் வந்தால் வரட்டும். எந்த மொழியில் வந்தாலும் திருத்தாமல் கேள். அந்த ஆட்டுக் கதையில் ஆரம்பிக்க விரும்பினால் ஆரம்பி, ஆனால் மற்ற ஆடுகளைப் பற்றி ஒரு பிள்ளை கேட்டால், நேரமாகிவிட்டது என்று சொல்லாதே.

போன வெள்ளிக்கிழமை ஷீபாவும் மினியும் வகுப்புக்குத் திரும்பி வந்தார்கள். நான் நட்சத்திரம் ஒட்டுவதை நிறுத்திவிட்டேன். ஜெப நேரத்தில் ஷீபா எழுந்து நின்றாள். கண்ணை மூடவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஜீசஸ், ஆன்ட்டி கீயை லூஸ் பண்ணக் கூடாது" என்றாள்.

சாவியைத் தொலைக்கக் கூடாதுன்னு சொல்லு என்று நான் திருத்தவில்லை. என் கை தானாகச் சேலைத் தலைப்புக்குப் போய், ஊக்கில் கோத்திருந்த சாவியைத் தொட்டுப் பார்த்தது. இரண்டாம் தரமும் இழுத்துப் பார்த்தது. அதற்குப் பிறகுதான் எனக்கு ஆமென் சொல்ல வாய் வந்தது.

அம்மா